நட்டுக் கழண்ட கதை

திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில், உச்சி வெயிலில், ஒரு புள்ளிமானுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பாசத்தில் அல்ல. யாரோ எறிந்த லஞ்ச் சீற் ஒன்று அதன் வாய்க்குள் பாதி போயிருந்தது. மற்ற நுனி என் கையில். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. இழுபறியில் குடை தன் பாட்டில் மானின் தலைக்கு மேல் போய்விட்டது. கோணேசர் கோயிலுக்குப் போன ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, பின்னால் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார்: "ஐயாவுக்கு நட்டுக் கழண்டிட்டுது போல."

கடைசியில் சீற் வந்தது. மான் போகிற போக்கில் குடையில் ஒரு முட்டு வைத்துவிட்டுப் போனது.

நான் வீட்டுப் படி ஏற முன்னமே செய்தி ஏறிவிட்டது. "விசர் மனுசன்" என்றபடியே மனைவி சோற்றைப் போட்டார். இரவு கதை கேட்ட சென்னைச் சித்தப்பா மகள், "நீ லூசாண்ணா?" என்று சிரித்தாள். ஒரு மானுக்கு மூன்று பட்டம்.

விசர் எங்கள் பழைய சொல். சுகாதாரத் திணைக்களமும் அதைத்தான் பிடித்து வைத்திருக்கிறது: விசர்நாய்க்கடி. அதனால் மனைவி அப்படிச் சொல்கிறபோதெல்லாம் தடுப்பூசி ஞாபகம் வரும்.

மற்ற இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. தலைக்குள் திருகாணி லூஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் இங்கிலீஸ்காரன். அந்தச் சொத்தை நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம். சென்னைக்கு லூசு, எங்களுக்கு நட்டு. திருகோணமலையில் நட்டுக்கு என்ன பஞ்சம்? 1957 வரை டொக்யார்ட் பிரித்தானியக் கடற்படையின் கையில். சீனக்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. சொல் இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கியது என்பது என் கட்சி. சாட்சி கேட்கக் கூடாது.

'மரை கழண்டது' என்றும் சொல்வார்கள். மரை என்றால் திருகாணியின் புரி. எங்கள் பக்கத்தில் காட்டில் திரிகிற பெரிய மானும் மரைதான். அதற்கு உண்மையாகவே கொம்பு கழன்று விழும், திரும்பவும் முளைக்கும். அதைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை. சிலர் றகரம் போட்டு 'மறை கழண்டது' என்று எழுதுகிறார்கள். அப்போது கழல்வது வேதம்.

மான் முட்டியதிலிருந்து குடையின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகினார். திருகத் திருக அது சுற்றியதே தவிர இறுகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னையும் ஒருதரம் பார்த்தார்.

"இது கழரேல்ல ஐயா. மரை தேஞ்சிட்டுது. கழண்டதெண்டா இறுக்கலாம். தேஞ்சா, இப்பிடியே சும்மா சுத்திக்கொண்டிருக்கும்."

பாஸ் என்ன சொன்னார் என்று வீட்டில் கேட்டார்கள். முதல் வசனத்தை மட்டும் சொன்னேன்.