புல் நீக்கவியல்: இங்கிலாந்தின் கொல்லைப்புற ஷெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் புல்தரை வளர்ப்பவர், அதன் மூலையில் ஒரு மர ஷெட்டை நிறுத்தாமல் ஓய்வதில்லை. இதன் காரணம் பற்றி இரு கட்சிகள் உண்டு. வீட்டாரிடமிருந்து தப்பிக்கவே என்பது முதற்கட்சி. இவர்களின் மூலச்சான்று நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. வெயிலின் திசைக்குத் திருப்பக்கூடிய எழுத்துக் குடிசை ஒன்று அவர் தோட்டத்தில் இருந்தது. அதற்கு 'லண்டன்' என்றே பெயர். வேண்டாத விருந்தாளியிடம் 'ஐயா லண்டனில் இருக்கிறார்' என்று சொல்லிவிடலாம், பொய்யும் ஆகாது.

புல்வெட்டும் எந்திரத்துக்காகவே ஷெட் என்பது இரண்டாம் கட்சி. இவ்வாய்வாளர் அதைச் சார்ந்தவர். 1830இல் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் இவ்வெந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் ஆலை எந்திரமே அவருக்கு முன்மாதிரி. சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று. புல்லை வெட்ட எந்திரம் வேண்டும். எந்திரம் துருப்பிடிக்காதிருக்க ஷெட் வேண்டும். ஷெட் நிற்கப் புல்லை வேரோடு எடுக்க வேண்டும். இதே வழியில் போனால் தோட்டம் முழுதும் ஷெட்டாகும், வெட்டப் புல் இராது, எந்திரம் தேவையில்லை, ஆகவே ஷெட்டும் தேவையில்லை. இந்த முடிவை எட்டவிடாமல் தடுப்பது அரசாங்கம். திட்ட அனுமதி பெறாமல் போடும் கொட்டகை முதலியவை, வீட்டைச் சுற்றிய நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கலாகாது என்பது அங்கே விதி. தர்க்கம் பாதி வழியில் நிறுத்தப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

இனி செய்முறை. பரவலாக விற்கும் ஷெட் எட்டடிக்கு ஆறடி. மரமறுப்பவர்கள் பிதாகரஸுக்குச் செய்த மரியாதையோ என்னவோ, இதன் மூலைவிட்டம் மிகச்சரியாகப் பத்தடி. நான்கு முளை அடித்து நூல் கட்டி, குறுக்கே இருபுறமும் நாடா பிடித்தால் பத்துக்குப் பத்து வர வேண்டும். ஒருபுறம் ஒன்பதேமுக்கால், மறுபுறம் பத்தேகால் என்றால் அது சாய்சதுரத்தின் உறவினர்; அதன்மேல் நிற்கும் ஷெட்டின் கதவு ஆயுளுக்கும் மூடாது. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர் அதை இழுத்துப் பிடிக்கிறாரா, பேச்சு சுவாரசியத்தில் தளரவிடுகிறாரா என்பதைப் பொறுத்தே தேற்றம் மெய்யாகும் என்பதைக் கணித நூல்கள் சொல்வதில்லை.

பிறகு தட்டை மண்வெட்டியால் புல்லை வேர்ப்படலத்தோடு பாளம்பாளமாகப் பெயர்த்து, அடிமண்ணைத் திமிசால் இடித்து, களைத்தடுப்புத் துணி விரித்து, ஜல்லி நிரவித் தளக்கல் பதிக்க வேண்டும். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை மனிதர்கள் பேசாதிருப்பது நலம். மண் கிளறப்பட்டதும் ராபின் குருவி மேற்பார்வைக்கு வந்துவிடும். அதன் அக்கறை புழுக்களில் மட்டுமே என்பதால் கருத்து வேறுபாடு எழுவதில்லை.

பெயர்த்த பாளங்களை எறிவது பாவம். புல்முகம் கீழாக அடுக்கிவைத்தால் காலப்போக்கில் மக்கி நல்ல மண்ணாகும். ஆனால் அடுக்க இடம்? புல்தரையின் இன்னொரு மூலைதான். வெளிச்சமின்றி அந்த அடுக்கின் கீழுள்ள புல்லும் சாகும். ஆகவே 48 சதுரஅடி ஷெட்டுக்கு 48 சதுரஅடி புல் போதும் என்ற பழைய கணக்கு திருத்தப்பட வேண்டும். வேலிக்கு அப்பாலிருந்து இதையெல்லாம் கவனித்துவந்த பக்கத்து வீட்டுக்காரரோ, இவ்வளவு புல் போனதற்குப் பத்துக்கு எட்டடியாகவே வாங்கியிருக்கலாமே என்கிறார்.