பெயரைச் சுரண்டு, பொன் பூசு

2025 அக்டோபரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் ஒரு பழைய வாசகருக்கு அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்தது. வாசகர் பெயர் ஆஸ்கர் வைல்டு. முந்தைய அட்டையை 1895இல் ரத்து செய்திருந்தார்கள். அவரால் நேரில் வர முடியவில்லை, 1900லேயே காலமாகிவிட்டார். பேரன் மெர்லின் ஹாலண்ட் வாங்கிக்கொண்டார். 130 வருடத் தாமதக் கட்டணத்தை யார் யாருக்குக் கட்டுவது என்ற கேள்வியை நாகரிகம் கருதி நாம் எழுப்ப வேண்டாம்.

தாத்தா வைல்டு என்றால் பேரன் எப்படி ஹாலண்ட் ஆனார் என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. இந்த ஒரு மனிதரின் பெயரை அழிக்கவும், அழித்த இடத்திலேயே திரும்ப எழுதவும் ஐரோப்பியப் பொதுஜனம் பட்ட பாட்டுக்கு அளவில்லை. வண்ணம் பூசுகிறவர்களுக்கு இவரைப் போல வேலை கொடுத்த எழுத்தாளர் வேறு யாருமில்லை.

1854இல் டப்ளினில் பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர் ஆஸ்கர் ஃபிங்கல் ஓஃப்ளாஹர்ட்டி வில்ஸ் வைல்டு. அழிக்கிறவர்களுக்கு அப்போதே எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அப்பா கண், காது மருத்துவர். அம்மா ‘ஸ்பெரான்ஸா’ என்ற புனைபெயரில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கவிதை எழுதியவர். மகன் ஆங்கிலேயரை இன்னும் கொடூரமாகப் பழிவாங்கினார்: ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அவர்கள் மொழியை அவர்களைவிட நன்றாகப் பேசிக் காட்டினார்.

லண்டனுக்கு வந்தவர் பெரிதாக எதையும் எழுதுவதற்கு முன்பே பிரபலமாகிவிட்டார். நீள முடி, வெல்வெட் கோட்டு, முழங்காலோடு நின்றுவிடும் கால்சட்டை, பட்டுக் காலுறை. ‘பஞ்ச்’ பத்திரிகை வாராவாரம் கேலிச்சித்திரம் போட்டுப் பிழைத்தது. இவரைப் போன்ற ‘அழகியல்’ ஆசாமிகளைக் கிண்டலடித்து கில்பர்ட்டும் சல்லிவனும் ‘பேஷன்ஸ்’ என்ற இசை நாடகம் போட்டார்கள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன தயாரிப்பாளர் டாய்லி கார்ட்டுக்கு ஒரு சிக்கல். யாரைக் கிண்டலடிக்கிறோம் என்றே தெரியாத ஊரில் கிண்டல் எப்படி எடுபடும்? எனவே அசலையே கப்பலில் ஏற்றி அனுப்பினார். தன்னைக் கேலி செய்யும் நாடகத்துக்கு விளம்பரமாகத் தானே போனவர், தன் செலவுக்கு அடுத்தவர் காசு என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

1882 ஜனவரியில் நியூயார்க்கில் இறங்கியதும், சுங்க அதிகாரியிடம் தன் மேதைமையைத் தவிர அறிவிப்பதற்கு எதுவுமில்லை என்று சொன்னதாக எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அன்றைய பத்திரிகைகளில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நிருபர்கள் கப்பலிலேயே போய் மொய்த்திருந்தார்கள்; இப்படி ஒன்றைக் கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா? பாஸ்டனில் ஹார்வர்டு மாணவர்கள் அறுபது பேர் அரைக்கால்சட்டையும் கையில் சூரியகாந்தியுமாக வரிசையில் வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். யாரோ முன்கூட்டியே காதில் போட்டிருந்ததால் வைல்டு அன்றைக்குப் பார்த்து எல்லாரையும் போல முழுக்கால்சட்டை அணிந்து மேடையேறினார். அரங்கில் கோமாளி வேஷத்தோடு இருந்தவர்கள் அந்த அறுபது பேர் மட்டும்தான்.

கொலராடோவில் லெட்வில் என்ற சுரங்க ஊர். அங்கே மறுமலர்ச்சிக் காலப் பொற்கொல்லர் செல்லினியின் சுயசரிதையை வாசித்துக் காட்டினாராம். செல்லினியை ஏன் கூட்டி வரவில்லை என்று தொழிலாளிகள் கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றதும், “யார் சுட்டது?” என்றார்களாம். இது வைல்டே சொன்ன கதை, எனவே பாதி தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் அவரை ஒரு வாளியில் உட்காரவைத்து சுரங்கத்துக்குள் இறக்கியதும், அங்கே அவர் அவர்களோடு சேர்ந்து விஸ்கி குடித்துத் தள்ளாடாமல் மேலே வந்ததும் உண்மை. அதற்குப் பிறகு அவருடைய காலுறையைப் பற்றி அந்த ஊரில் யார் பேசுவார்கள்? நாலு மாதத்துக்குத் திட்டமிட்ட பயணம் கிட்டத்தட்ட ஒரு வருடம் நீண்டு, சுமார் 140 சொற்பொழிவுகளில் முடிந்தது.

நடுவில் நெப்போலியன் சரோனி என்ற புகைப்படக்காரர் அவரை விதவிதமாக உட்காரவைத்துப் படம் பிடித்திருந்தார். அதில் ஒன்றைத் திருடி ஓர் அச்சகம் 85,000 பிரதி அடித்தது. தொப்பி விற்கும் கடைக்கு விளம்பரமாயிற்று. சரோனி வழக்குப் போட்டார். இயந்திரம் எடுத்த படத்துக்குக் காப்புரிமை உண்டா என்ற கேள்வி 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்டு என்று தீர்ப்பு. காரணம்தான் விசேஷம்: அந்த உட்காரும் விதம், உடை, முகபாவம் எல்லாம் சரோனியின் கற்பனையில் உதித்தவை. ஆகவே ஆஸ்கர் வைல்டின் தோரணைக்குச் சட்டப்படி ஆசிரியர் சரோனி. வைல்டு அதற்குப் பிறகும் சரோனியிடம் அனுமதி வாங்காமல் பத்து வருடம் அப்படியே உட்கார்ந்துகொண்டிருந்தார்.

லண்டன் திரும்பி, கான்ஸ்டன்ஸ் லாய்டைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகள் பெற்று, பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராகவும் இருந்தார். 1890இல் ‘டோரியன் கிரே’ நாவல் ஓர் இதழில் வெளியானது. பத்திரிகைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டன, டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் ரயில்வே கடைகளிலிருந்து அந்த இதழை எடுத்துவிட்டது. 1892இல் ‘லேடி விண்டர்மியர்’ நாடகத்தின் முதல் இரவில், கைதட்டல் முடிந்ததும் கையில் புகையும் சிகரெட்டோடு மேடைக்கு வந்து, பார்வையாளர்கள் மிகச் சிறப்பாக நடித்ததாகப் பாராட்டினார். விமர்சகர்கள் நாடகத்தை மன்னித்தாலும் சிகரெட்டை மன்னிக்கவில்லை.

1895 பிப்ரவரி 14. ‘எர்னஸ்ட்’ நாடகத்தின் முதல் காட்சி. வெளியே பனி. குயின்ஸ்பெரி பிரபு ஒரு காய்கறிப் பூங்கொத்தோடு வந்து நின்றார், ஆசிரியர் தலையில் வீச. குத்துச்சண்டை விதிகளுக்கு இவர் பெயர்தான். விதிகளை எழுதியது வேறொருவர். தன் மகன் ஆல்ஃபிரடும் வைல்டும் சேர்ந்து சுற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை. போலீஸ் உள்ளே விடாததால் கொத்தை வைத்துவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து வைல்டின் கிளப்புக்குப் போய் ஓர் அட்டையில் வசையெழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு முக்கியமான சொல். அதிலும் எழுத்துப் பிழை. பிழை திருத்திக் கொடுத்திருந்தால் போதும். வைல்டு அவதூறு வழக்குப் போட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்டு கார்சன், டப்ளினில் கூடப் படித்தவர். வயதைக் கேட்டார். 39 என்றார் வைல்டு. கூடப் படித்தவனிடமா இந்த வேலை? பிறந்த தேதியைச் சொல்லி நாற்பது ஆக்கினார் கார்சன். அதற்குப் பிறகும் வைல்டு நீதிமன்றத்தைத் தன் நாடக அரங்கமாகவே எண்ணிப் பதில் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வேலைக்காரப் பையனை முத்தமிட்டதுண்டா என்ற கேள்விக்கு, இல்லை, அவன் அழகாக இல்லை என்றார். கூட்டம் சிரித்ததா என்பது அப்புறம், கார்சன் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அன்று மாலையே, ஏப்ரல் 5, வைல்டு கைது. ஆண்களுக்கிடையிலான எந்தப் பாலியல் செயலையும் குற்றமாக்கிய 1885ஆம் வருடச் சட்டப்படி மே மாதம் இரண்டு வருடக் கடுங்காவல்.

இங்கேதான் வண்ணம் பூசுகிறவர்கள் களமிறங்குகிறார்கள். அவருடைய இரண்டு நாடகங்கள் லண்டனில் ஓடிக்கொண்டிருந்தன. ஒழுக்கம் கெட்டுவிட்டதென்றால் நாடகத்தை நிறுத்தலாம். ஆனால் வசூல்? எனவே விளம்பரங்களில் ஆசிரியர் பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தொடர்ந்து நடத்தினார்கள். மாப்பிள்ளை பெயர் போடாத கல்யாணப் பத்திரிகை போல. பொதுஜனமும், யார் எழுதியதென்றே தெரியாதது போல வந்து கொஞ்ச நாள் சிரித்துவிட்டுப் போனது. தீர்ப்புக்கு முன்பே, ஏப்ரலில், கடன்காரர்களுக்காக அவருடைய டைட் தெரு வீட்டு சாமான்கள் ஏலம் போயின. பிள்ளைகளின் பொம்மைகள் உட்பட. ஒழுக்கத்தைக் காக்க வந்த கூட்டத்தில் சிலர் ஏலம் கேட்காமலே சாமான்களைக் கொண்டுபோனார்கள். என்னிஸ்கில்லனில் அவர் படித்த போர்ட்டோரா பள்ளி, கௌரவப் பலகையிலிருந்து பழைய மாணவரின் பெயரை நீக்கியது. கான்ஸ்டன்ஸ் பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போனார். சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டல்காரர் பெயரைப் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யச் சொன்னார். வைல்டு என்ற பெயர் போய் ஹாலண்ட் வந்தது அப்போதுதான்.

அந்த நவம்பரில் ரெடிங் சிறைக்கு மாற்றும் வழியில், கிளாப்பம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கைவிலங்கோடு அரைமணி நேரம் மழையில் நிற்கவைத்தார்கள். யாரோ ஒரு கைதி என்று கூட்டம் சிரித்தது. யாரென்று தெரிந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். இந்த ஓர் இடத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை, வராமலே போகட்டும். 2019இல் அதே நிலையத்தில் வானவில் விளிம்போடு அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு 1898இல் சிறைக் கவிதை வந்தபோது ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘சி.3.3’ என்ற அறை எண். புத்தகம் பிரமாதமாக விற்றது. ஏழாவது அச்சில்தான் பெயரைச் சேர்க்கத் தைரியம் வந்தது. 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில், கடன் வைத்த ஹோட்டல் அறையில் இறந்தார்.

பிறகு ஆரம்பித்தது திரும்ப எழுதும் படலம். போர்ட்டோரா, சுரண்டிய பெயரை மறுபடி பொன் பூசி எழுதியது. மற்ற பெயர்களைவிட அது பளபளப்பாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ‘எர்னஸ்ட்’ அரங்கேறி சரியாக நூறு வருடம் கழித்து, 1995 பிப்ரவரி 14 அன்று, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் ஒரு கண்ணாடி ஜன்னலில் பெயரை ஏற்றியது. 1997இல் டப்ளின் மெரியன் சதுக்கத்தில் பல வண்ணக் கற்களால் சாய்ந்து கிடக்கும் சிலை. எந்தச் சிலைக்கும் எதுகையோடு பட்டப்பெயர் வைக்கும் டப்ளின்காரர்கள் இதற்கு வைத்தவற்றை இங்கே அச்சிட முடியாது. லண்டனில் வைத்த சிலையின் கையிலிருந்த சிகரெட்டை மக்கள் திரும்பத் திரும்பத் திருடினார்கள். அன்றைய விமர்சகர்களின் வாரிசுகளாக இருக்கலாம். இதற்கிடையே அவர் சொல்லாத பொன்மொழிகளெல்லாம் அவர் பெயரில் டீ கோப்பைகளில் அச்சாகின்றன. ஒரு காலத்தில் அவர் எழுதியவற்றில் அவர் பெயர் இல்லை. இப்போது யார் எழுதினாலும் அவர் பெயர்.

பாரிஸ் கல்லறை தனிக் கதை. ஜேக்கப் எப்ஸ்டீன் 1912இல் சிறகு விரித்த கல் தேவனைச் செதுக்கி வைத்தார். இடுப்புக்குக் கீழே விவரங்கள் தாராளமாக இருப்பதாகச் சொல்லி அதிகாரிகள் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அப்புறம் வெண்கலத்தில் ஒரு கோவணம். 1960களின் தொடக்கத்தில் யாரோ அந்த விவரங்களையே உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த தலைமுறை உதட்டுச்சாயத்தோடு வந்து கல்லெங்கும் முத்தமிட்டது. சாயத்தின் எண்ணெய் கல்லை அரிக்க, 2011இல் அயர்லாந்து அரசு செலவில் சுத்தம் செய்து சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். இப்போது கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கிறார்கள்.