புதுச்சேரிச் சுப்புகள்: ஓர் எழுத்துக்கூட்டு ஆய்வு

ஜப்பானில் அகிரா என்றொரு ஆண்பெயர் உண்டு. காதுக்கு ஒரே பெயர். எழுதும்போது ஆளுக்கொரு எழுத்து. திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவின் எழுத்தில் சூரியனும் சந்திரனும் அக்கம்பக்கமாக நிற்கும். 2010-இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற அகிரா சுசுகிக்கு வேறு எழுத்து. அந்த எழுத்துக்கு வலப்பக்கம் மூன்று கோடு கூட்டினால், 2019-இல் லித்தியம் அயனி மின்கலத்துக்காக அதே பரிசை வாங்கிய அகிரா யோஷினோவின் எழுத்து வந்துவிடும். இப்படிப்பட்ட பெயர்களுக்கென்றே அங்கே அகராதிகள் இருக்கின்றன.

புதுச்சேரியில் இதற்குச் சற்றும் குறையாத பெயர் ஒன்று இருக்கிறது. அதற்கு அகராதியும் இல்லை, ஆய்வும் இல்லை. அந்தப் பெயர் சுப்பு. இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கம் நிறைவேறியதா என்பதைத் தேர்வாளர்கள் சொல்லட்டும். தேர்வாளர்கள் யாரும் இன்னும் நியமிக்கப்படவில்லை.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். சுப்பிரமணியன் என்ற நீண்ட பெயருக்குத் தலை ஒன்றும் வால் ஒன்றும் உண்டு. வீட்டில் தலையைப் பிடித்துக் கூப்பிட்டால் சுப்பு, சுப்பையா, சுப்பன். வாலைப் பிடித்துக் கூப்பிட்டால் மணி. வாலைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது இவ்வாய்வின் உறுதியான முடிவு. ஏனென்றால் சேர்த்தால் நிறுத்த முடியாது. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் வந்திறங்குவதற்கு முன்பே, தங்க இடம் பார்க்க ஒரு வங்காள இளைஞர் வந்து சேர்ந்தார். சுரேஷ் சக்ரவர்த்தி என்ற அவரைத் தோழர்கள் அழைத்தது மோனி என்று. இந்த ஊரில் மோனி என்றால் மணிதான். மணி என்றால் சுப்பிரமணியாக இருக்கலாம். இருந்தால், அரவிந்தரை இங்கே குடிவைத்ததும் ஒரு சுப்பு என்றாகிவிடும். ஆசை பெரிதுதான், ஆய்வு நெறி தடுக்கிறது.

இனிக் கருதுகோள். 1908-க்குப் பிறகு புதுச்சேரியில் நடந்த முக்கியமான காரியம் எதுவானாலும் அதன் பின்னே ஒரு சுப்பு நிற்கிறார்.

அதற்கு முந்தைய காலத்தைச் சுப்புக்கு முற்பட்ட காலம் என்று வகுக்கலாம். அதன் தலையாய மனிதர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 தொடங்கி 1761-இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் பெயரில் ஆனந்தம் உண்டு, அரங்கம் உண்டு, சுப்பு இல்லை. துய்ப்ளே 1754-இல் பதவி பறிபோய்க் கப்பலேறியது சுப்பு இல்லாத குறையால்தானா என்பதைப் பின்வரும் ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

1908-இல் நிலைமை மாறுகிறது. ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பி, எட்டயபுரத்தில் பிறந்த ஒருவர் வந்து சேர்கிறார். பெயர் சுப்பிரமணியன், சிறுவயதில் வீட்டில் கூப்பிட்டது சுப்பையா. பாரதி என்பது பதினொரு வயதில் எட்டயபுரத்துப் புலவர்கள் கொடுத்த பட்டம். பட்டம் பெயரைத் தின்றுவிட்டதால் இன்று அவரைச் சுப்பு என்று யாரும் சொல்வதில்லை. அடுத்து 1910 அக்டோபரில், லண்டன், பாரிஸ் எல்லாம் கடந்து வந்தவர் வ.வே.சு. ஐயர். பலர் இந்த எழுத்துகளை விரித்துப் பார்ப்பதே இல்லை: வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். மூன்றாவது எழுத்துக்குள் ஒரு முழுச் சுப்பு குந்தியிருக்கிறார். லண்டனிலிருந்து அவர் சீக்கியர் வேடத்தில் தப்பியபோது பெட்டியில் அதே ஆங்கில முதலெழுத்துகள் இருந்தன. துப்பறிவாளருக்குச் சந்தேகம் வர, அவை வீர விக்ரம் சிங் என்பதன் சுருக்கம் என்று சொல்லிச் சமாளித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுப்புவைச் சிங்காக்கிக் காட்டிய வேறு எடுத்துக்காட்டு உலக மொழியியலில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆக, ஒரே சின்ன ஊரில் இரண்டு சுப்பிரமணியர்கள், இருவர் தலைக்குப் பின்னாலும் ஆங்கிலேயரின் ஒற்றர்கள். “சுப்பிரமணியன் இன்று மாலை கடற்கரைக்குப் போனார்” என்று ஒருவன் அறிக்கை எழுதினால் மேலதிகாரி எந்தச் சுப்பிரமணியன் என்று எரிந்து விழுந்திருக்க மாட்டாரா? (சுப்பிரமணிய சிவாவும் வந்து குடியேறியிருந்தால் ஒற்றர் துறையையே மூடியிருப்பார்கள். நல்லவேளையாக அவர் பின்னாளில் பாப்பாரப்பட்டியைத் தேர்ந்துகொண்டார்.) பாரதி தம்மைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் விளக்கெண்ணெய்ச் செட்டியார், எலிக்குஞ்சுச் செட்டியார், வெல்லச்சுச் செட்டியார் என்று பெயர் சூட்டியதை இலக்கிய ஆசிரியர்கள் அவருடைய நகைச்சுவை என்று எழுதுவார்கள். அது நிர்வாகத் தேவை. பெயர்கள் மோதிக்கொள்ளும் ஊரில் ஆளைப் பிரித்தறிய வேறு வழி என்ன?

மூன்றாமவர் உள்ளூர்க்காரர். 1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை கனகசபை முதலியார், மகன் சுப்புரத்தினம். சேர்த்து எழுதினால் கனக சுப்புரத்தினம். அவர் பாட்டைப் பாரதி சுதேசமித்திரனுக்கு அனுப்பியபோது, சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் எழுதியது என்று குறித்து அனுப்பினார். ஒரே வாக்கியத்தில் இரண்டு சுப்பு. அச்சுக்கோப்பவரின் கை சுகரப் பெட்டிக்கு எத்தனை தடவை போயிருக்கும்! பின்பு சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். ஒரு சுப்பு, இன்னொரு சுப்புவின் பட்டத்தைத் தாங்கித் தம் சுப்புவை மறைத்துக்கொண்டார். இரண்டு சுப்புகள் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பெயரில் சுப்பு என்ற ஓசையே இல்லை. இருந்தாலும் முழுக்க விட்டுவிட அவருக்கும் மனம் வரவில்லை என்பதற்குச் சான்று உண்டு. பகுத்தறிவுப் பாட்டுகளுக்கு முன்னால் அவர் எழுதி 1926-இல் வந்த நூல் மயிலம் ஸ்ரீ சுப்பிரமணியர் துதியமுது. 1935-இல் நடத்திய கவிதை இதழின் பெயர் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்.

நான்காமவர் வ. சுப்பையா, 1911-இல் பிறந்தவர். இலக்கியச் சுப்புகள் போலத் தலைமறைவுப் பெயர் எதையும் நாடாமல் சுப்பையாவாகவே வாழ்ந்தவர். 1934-இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டு பிப்ரவரியில் காந்தி புதுச்சேரிக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். இந்த இடத்தில் கேலியை ஒதுக்கி வைக்கிறேன். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அதற்குப் பின்னால் இருந்த போராட்டம் அவர் தலைமையிலானது. இன்று ரயில் நிலையம் இருக்கிற தெற்கு புல்வாருக்குப் பெயர் சுப்பையா சாலை. பாரதிக்குப் பூங்கா இருக்கிறது, பல்கலைக்கூடம் இருக்கிறது. பாரதிதாசன் பெயரில் மகளிர் கல்லூரி இருக்கிறது. அத்தனையும் பட்டத்துக்கும் புனைபெயருக்கும் கிடைத்த மரியாதை. விடுதலைக்குப் பின் சுப்பு என்ற பெயருக்கே நேராகக் கிடைத்தது அந்தச் சாலை. கல்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றொன்று முன்பே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஊரார் அதை வைசியாள் வீதி என்றுதான் சொல்கிறார்கள்.

அரசியலிலும் விதி பிசகவில்லை. 1963-இல் எதுவார் குபேர் முதல்வரானார். பெயரில் சுப்பு இல்லை. 1964 செப்டம்பரில் பிழை திருத்தப்பட்டு வெங்கடசுப்பா ரெட்டியார் வந்தார். தெலுங்கு வழி வந்த சுப்பாவைத் தமிழ்ச் சுப்புவோடு சேர்க்கலாமா என்று ஓர் எதிர்த்தரப்பு அறிஞர் கேட்டார். அவர் பேருந்து நிலையத்துக்கு அருகே டீக்கடை வைத்திருக்கிறார். “ரெண்டுக்கும் ஒரே டீதாங்க” என்று அவரே பிறகு தீர்ப்பும் சொன்னார்.

இதுவரை சொன்னது பெயர் தாங்கியவர்களைப் பற்றி. சிக்கல் எழுத்துக்கூட்டில்தான் இருக்கிறது. ஜப்பானியர்களை நாம் தோற்கடிப்பதும் அங்கேதான்.

ஆங்கிலேயர் ஆண்ட கடலூரில் சுப்பிரமணியன் பிறந்தால் எஸ், யு என்று தொடங்கி எழுதிவிடுவார்கள். இருபது கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் பிறந்தால் அப்படி எழுதக் கூடாது. பிரெஞ்சில் எஸ்ஸுக்குப் பின் யு மட்டும் போட்டால், உதட்டைக் குவித்து ‘ஸ்யு’ என்று வாசித்து வைப்பார்கள். ‘சு’ என்று ஒலிக்க நடுவே ஓர் ஓ வேண்டும். ஆகவே பிரெஞ்சுச் சுப்புக்கு ஆங்கிலச் சுப்பைவிட ஓர் எழுத்து கூடுதல். அடுத்து பகரம். பியா, பேயா, ஒன்றா, இரண்டா என்பது பதிவேட்டில் எழுதுபவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. கடைசியில் வரும் ‘யன்’ இன்னும் பெரிய ஆபத்து. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியின் வால் ஒன்றை ஒட்டிவிட, சுப்பிரமணியன் மூக்கால் முடிகிற சூப்ரமணியேன் ஆகிவிடுவார். பிள்ளை ‘பூலே’ ஆன ஊரில் இது ஒன்றும் அநியாயம் இல்லை.

அதற்கு மேல் படிவத்தில் இரண்டு பெட்டி: ஒன்று குடும்பப் பெயருக்கு, ஒன்று சொந்தப் பெயருக்கு. நம்மவருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்துப் புள்ளியும். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போனவர்கள் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பினார்கள். குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். அவர்களின் முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ என்று வைத்துக்கொண்டார். மற்றவர்கள் அப்பா பெயரை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ரெயூனியன் தீவுக்குக் கப்பலேறியவர்கள் கதை இன்னும் ருசி. அங்கே சுப்பிரமணியன் குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டது. அந்தக் குடும்பத்துப் பெண்ணும் சுப்பிரமணியன்தான்.

புதுச்சேரி இந்தியாவிடம் வந்த 1954 நவம்பர் 1-க்குப் பிறகு ஆங்கிலப் பதிவேடு வந்தது. 1962-இல் சட்டப்படியான மாற்றம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களிடம் பழைய காகிதமும் தங்கிவிட்டது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரை இங்கே சொல்தா என்போம். அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரோடு ஓர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு, தமிழில் எழுதிய வீட்டுப் பத்திரம், ஆங்கிலத்தில் வந்த மின்கட்டண ரசீது, மூன்றையும் மேசையில் விரித்தார். எழுத்தர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுல மூணு பேர் இருக்காங்க. நீங்க யாரு?” என்றார். பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. “மூணும் நான்தாம்ப்பா. பென்ஷன்தான் ஒண்ணு.” இந்தத் துறையில் கள ஆய்வில் கிடைத்த ஆகச் சிறந்த தரவு இதுவே.

ஜப்பானியப் பெயருக்கே புதுச்சேரியில் என்ன கதி நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். அவருடைய தோக்கியோ அலுவலகத்திலிருந்து 1930-களின் இறுதியில் கட்டுமான வேலைக்கு வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். அமெரிக்காவின் ஸ்போகேனில் 1905-இல் பிறந்த அவருக்கு ஜப்பானியப் பெயர் கட்சுதோஷி. அகிராவைப் போலவே இதையும் பலவிதமாக எழுதலாம். இவருடைய எழுத்துகளுக்கு வெற்றி, நீண்ட ஆயுள் என்று பொருள். புதுச்சேரி இந்த நுட்பங்களில் நேரத்தை வீணாக்கவில்லை. அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் கொடுத்தார். கவனிக்க வேண்டியது முதல் எழுத்து. இன்னும் ஒரு பகரம் விழுந்திருந்தால் ஜப்பானிலிருந்தே ஒரு சுப்பு கிடைத்திருப்பார். அவர் விஷயத்தில் மட்டும் விதியைச் சற்றுத் தளர்த்திக் கௌரவச் சுப்பு என்று சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று பாக்கி. தமிழ்நாட்டில் எங்கே கல்லெறிந்தாலும் ஒரு சுப்பிரமணியன் மேல்தான் விழும், புதுச்சேரிக்கு இதில் என்ன தனிப்பெருமை என்று டீக்கடை அறிஞர் மறுபடியும் கேட்டார். நியாயமான கேள்விதான். மற்ற ஊர்களில் சுப்புகள் நிறைய இருந்தார்கள். இங்கே ஒவ்வொரு சுப்புவும் இரண்டு மூன்று பேராக இருந்தார். தொகையில் நாம் குறைவாக இருக்கலாம், பதிவேட்டில் அதிகம்.

அந்தப் பெருமையும் தேய்ந்துவருகிறது. இப்போது பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ‘ஷ்’ என்று முடிகிற பெயர்களாக வருகின்றன. சுப்பு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர்களுக்கு நரைத்துவிட்டது. குழந்தைக்குச் சுப்பிரமணியன் என்று பெயர் வைக்க யாராவது துணிந்தால் இவ்வாய்வாளனின் வாழ்த்துகள். பிறப்புச் சான்றிதழை வாங்கும்போது மட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள். பள்ளியிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அதே கூட்டை எழுதுங்கள். பின்னால் திருத்துவதென்றால் பிரமாணப் பத்திரம், செய்தித்தாள் விளம்பரம், அரசிதழ் என்று அலைய வேண்டியிருக்கும்.