பியட்டு வாங்கப் போற பேராண்டிக்கு

ஏங்கண்ணு, பென்ஸ் கம்பெனி இருக்கற ஸ்டுட்கார்ட்டுல குடியிருந்துக்கிட்டு உனக்கு இத்தாலிக்காரன் பியட்டு கேக்குதா? அதுவும் எந்தப் பியட்டு? 1100 டி! 1962-ல இருந்து 1966 வரைக்கும் இத்தாலியில செஞ்ச வண்டி. அதே உடம்பைத்தானே நம்ம பிரீமியர்காரங்க 1964-ல ஆரம்பிச்சு 2000 வரைக்கும் அடிச்சுத் தள்ளுனாங்க? நடுவால பத்மினின்னு பேரையும் மாத்துனாங்க. டாக்டரு வெச்சிருந்தாரு, மில்லு மேனேஜரு வெச்சிருந்தாரு, கடைசியில மும்பை டாக்ஸிக்காரன் வெச்சிருந்தான். அவனும் 2023 அக்டோபரோட கும்பிடு போட்டுட்டான்.

நம்மூட்டு வாசல்ல அது நின்னப்போ நீ என்ன சொன்னே? ‘இதுல ஸ்கூலுக்கு வரமாட்டேன், பசங்க சிரிப்பாங்க’ன்னு உருண்டு பொரண்டு அழுதே. இப்ப ஆல்ப்ஸ் மலையத் தாண்டிப் போயி, அவன் சொல்ற வெலையக் குடுத்து, அதையே ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டாரப் போறியாமா. கேட்டா ‘கிளாசிக் தாத்தா’ங்கறே. ஆமா சாமி. நாங்க வெச்சிருந்தா ஓட்டை வண்டி, நீ வெச்சிருந்தா கிளாசிக்கு.

செரி, ஆசைப்பட்டுட்டே. வேண்டாம்னா கேக்கவா போறே? பட்டறையில கை கறுத்த கெழவன் சொல்றேன், சித்த காது குடு.

மொதல்ல போட்டோவப் பார்த்துப் பல்லிளிக்காதே. ‘ஒரே ஓனரு’, ‘கராஜுலயே நின்னது’, ‘கெழவி ஞாயித்துக்கெழம கோயிலுக்கு மட்டும் எடுப்பாங்க.’ இதெல்லாம் காந்திபுரத்து புரோக்கர் சொல்றது. டூரின்ல உனக்கு விக்கறவன் இத்தாலியன்ல சொல்லுவான், அவ்வளவுதான். காப்பி ஊத்திக் குடுப்பான், சங்கடையில மருந்து புகட்டற அளவுக்கு. குடிச்சுக்கோ. குடிச்சுப்போட்டு வண்டிக்கு அடியில படு. புது ஜீன்ஸ் அழுக்காகுமா? அப்பப் பழசைப் போட்டுக்கிட்டுப் போ.

எதுக்கு அடியில படுக்கச் சொல்றேன்? லாரின்னா கீழ தனியா சேஸ் இருக்கும், மேல பாடி உக்காரும். இதுக்குப் பாடியேதான் சேஸ். கதவுக்குக் கீழ நீளவாக்குல ஓடற தகடு துருவேறிப் போச்சுன்னா அது அழகுல கொறையில்ல, வண்டியோட பலமே போச்சு. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போ. கதவுக்கடியில, சக்கரத்துக்கு மேல, டிக்கித் தரையில வெச்சு மெதுவா நகத்து. தகடுன்னா கப்புன்னு புடிக்கும். பட்டியை அப்பி மழமழன்னு தேச்சு வெச்சிருந்தா நழுவி உழுந்துரும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாரு. விக்கறவன் மூஞ்சி கோணுச்சுன்னா இன்னும் நல்லாத் தூக்கிப் பாரு.

இஞ்சினுக்குப் பயப்படாதே. 1221 சிசி, நாலு சிலிண்டரு, ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்ச எவனும் பிரிச்சு மாட்டுவான். ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. நீ போறதுக்கு முன்னாலயே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருந்தான்னா, காலையில ஸ்டார்ட் ஆகறதுல என்னமோ வில்லங்கம் இருக்குது. போனதும் பானெட்டு மேல கைய வெய்யி. கும்புடற மாதிரியே வெய்யி, அவனுக்குத் தெரியாது.

உன்னையக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருந்தா இவ்வளவு பேச வேண்டியதில்ல. அங்க மாடு வாங்க வந்தவன் கொம்புல அடிச்ச பெயிண்டையா பாப்பான்? வாயத் தொறந்து பல்லைப் பாப்பான், அப்பறம் சுழி பாப்பான். வண்டிக்குச் சுழி எங்க இருக்குது? சேஸ் நம்பர்ல இருக்குது. தகட்டுல வெட்டுன நம்பரும் காயிதத்துல இருக்கற நம்பரும் ஒரு எழுத்து பிசகாம ஒத்துப் போகோணும். ‘எட்டு தேஞ்சு மூணாட்டத் தெரியுது’ன்னு அவன் சொன்னா, ‘அப்பிடிங்களா’ன்னுட்டு காப்பிக்கு நன்றி சொல்லிக் கெளம்பிரு.

காயிதம்னதும் கொட்டாவி உடறே பாரு, அங்கதான் எல்லாப் படிச்ச புள்ளைகளும் மாட்டறீங்க. இத்தாலியில ரெண்டு சமாச்சாரம் இருக்குது. ரோட்டுல ஓட்டறதுக்கு லிப்ரெட்டோ. அதான் நம்ம ஆர்.சி. புக்கு. வண்டி ஆரோட சொத்துன்னு எழுதி வெக்கிற பதிவேடு வேற, பி.ஆர்.ஏ.ம்பாங்க. 1927-ல இருந்து எழுதிக்கிட்டு இருக்கறாங்க. வருசக்கணக்கா வரி கட்டாம மூலையில போட்டு வெச்ச வண்டியை அவங்களே அந்தப் பதிவேட்டுல இருந்து அடிச்சு உட்டுருவாங்க. அந்த வண்டியும் போட்டோவுல ஜம்முன்னுதான் நிக்கும். வெலையும் கொறைச்சலாத்தான் இருக்கும். ஏன் கொறைச்சலுன்னு நீ கேட்டியா? கேக்க மாட்டே, லாபம்னு குதிப்பே. விக்கறவன் பேரும் பதிவேட்டுப் பேரும் ஒண்ணான்னு பாரு. ‘மாமன் பேர்ல இருக்குது, மாமன் போயிட்டாரு, ஒரு பிரச்சினையுமில்ல’ன்னா பர்ஸை மூடிக்கோ. துருவேறுன தகட்டை வெட்டி எடுத்துப்போட்டுப் புதுசா ஒட்டலாம். இல்லாத காயிதத்தை எந்த வெல்டரு ஒட்டுவான்?

இன்னொரு ரவுசு சொல்றேன். கறுப்புத் தகட்டுல வெள்ளை எழுத்து, அந்தக் காலத்து நம்பர் பிளேட்டோட இருந்தா தனி வெலையாமா. அதை மாட்டிக்கிட்டு ஜெர்மனியில ஓட்டவா உடப் போறான்? ஊட்டுச் சொவத்துல ஆணியடிச்சுத் தொங்கவுடலாம்.

பக்கத்து சுவிட்சர்லாந்துல சுத்தமான வண்டி கெடைக்குதுன்னு உன்ற சிநேகிதன் சொல்லியிருப்பான். கெடைக்கும். ஆனா அது ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய. சாதாக் காருன்னா 10 சதம் கஸ்டம்ஸு, அதுக்கு மேல 19 சதம் வரி. 30 வருசம் தாண்டி, அசல் மாறாம, இப்பச் செய்யாத மாடலா இருந்தா சேகரிப்புப் பொருளுன்னு சொல்லி கஸ்டம்ஸே இல்லாம 7 சதத்தோட உடுவான். நீதான் அதை எடுத்துச் சொல்லி, காயிதம் காட்டி வாங்கோணும்.

இனி இழுவை. ‘கயிறு கட்டி இழுத்துட்டு வந்தரட்டுமா தாத்தா’ன்னு கேட்டே பாரு, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சிரிப்புல தூக்கமே வல்ல. தாராபுரத்துல படுத்துக்கிட்ட லாரியக் கோயமுத்தூருக்குக் கயித்துல இழுத்துட்டு வந்த ஊருதான் இது. அதையெல்லாம் அங்க போயிச் செய்யலாமா? ஜெர்மனியில கயிறு கட்டறது வழியில நின்னுபோன வண்டிக்கு, ஆபத்துக்கு மட்டுந்தான். ரெண்டு வண்டிக்கும் நடுவால 5 மீட்டருக்கு மேல போகக்கூடாது. கயித்துல சிவப்புத் துணி கட்டோணும். ரெண்டு வண்டியிலயும் ஹஸார்டு லைட்டு மின்னிக்கிட்டே இருக்கோணும். ஆட்டோபான்ல நின்ன வண்டின்னா அடுத்த எக்ஸிட்டுல எறங்கிரோணும். வெளிய நின்ன வண்டியக் கட்டிக்கிட்டு ஆட்டோபானுக்குள்ள நொழையவே கூடாது. ஆசைப்பட்டு வாங்குனதை ஊடு கொண்டு சேக்கறதுக்கு அந்தக் கயிறு இல்ல கண்ணு.

ட்ரெய்லர் எடு. மேல ஏத்துனா பியட்டு வெறும் சரக்கு, சரக்குக்கு எவனும் நம்பர் பிளேட்டு கேக்க மாட்டான். ஆனா உன்ற லைசென்ஸைக் கேப்பான். நம்மூரு லைசென்ஸு அங்க 6 மாசந்தானே செல்லுச்சு? மறுக்கா பரிச்சை எழுதி, ஓட்டிக் காட்டி ‘பி’ வாங்குனே. அந்த ‘பி’யை வெச்சு 750 கிலோ ட்ரெய்லர் இழுக்கலாம். அதுக்கு மேல போனா, உன்ற காரும் ட்ரெய்லரும் சேந்து 3500 கிலோவுக்குள்ள இருக்கோணும். ‘பியட்டு 900 கிலோதானே தாத்தா’ங்கறியா? எடை மேடையில ஏத்துன எடைய அவன் கேக்கல. இவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு புக்குல போட்டிருக்கறதைக் கூட்டுவான். உன்ற காருக்கு 2000, ரெண்டு அச்சு ட்ரெய்லருக்கு 2000-ன்னு போட்டிருந்தா முடிஞ்சுது, 4000. அதுக்கு ‘பி 96’ எடு. பரிச்சை கெடையாது, ஒரு நாளு பயிற்சிதான், 4250 வரைக்கும் தாங்கும்.

டூரின்ல இருந்து சுவிட்சர்லாந்து வழிதான் கிட்டம். ஆனா எல்லையில கஸ்டம்ஸ்காரனுக்கு வண்டியைக் காட்டிக் காயிதம் போடோணும். காருக்கு ஒரு விக்னெட்டு, அதான் ரோட்டு வரி ஸ்டிக்கரு, ட்ரெய்லருக்குத் தனியா ஒண்ணு, ஒவ்வொண்ணும் 40 பிராங்க். அந்தத் தலைவலி வேண்டாம்னா சுத்திக்கிட்டு பிரென்னர் கணவாய் வழியா வா.

ஏத்தறதுல அவசரப்படாதே. இஞ்சின் இருக்கற மூஞ்சிப் பக்கம் உன்ற காரைப் பாத்து நிக்கோணும். பின்னால கனம் போச்சுன்னா 80-ல போகையில ட்ரெய்லர் வால ஆட்டும். ஆட்ட ஆரம்பிச்சா உன்ற காரையும் சேத்து ஆட்டும். முன்னால நகத்தி நகத்தி, கொக்கி மேல எறங்கற கனம் காருக்குச் சொன்ன அளவைத் தாண்டாம நிறுத்து. பெல்ட்டைப் பாடியில கட்டாதே, சக்கரத்துமேல போட்டு இறுக்கு. கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து உடு. பத்து கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டிப் பெல்ட்டைத் தொட்டுப் பாரு. தொளதொளன்னுதான் இருக்கும், எப்பவும் அப்பிடித்தான். பிரென்னர் எறக்கத்துல கியரைக் கொறைச்சு இஞ்சின்ல புடிச்சு எறங்கு. ட்ரெய்லரோட பிரேக்கு முன்வண்டிய முட்டறப்போ தானா அமுங்கறது. எறக்கம் பூரா நீ பிரேக்குலயே கால வெச்சிருந்தா அதும் பூரா வழியும் தேஞ்சு காஞ்சு போயிரும்.

ஊடு வந்து சேந்துட்டே. மாலை போட்டு போட்டோ புடிச்சு எல்லாத்துக்கும் அனுப்பிச்சுட்டே. ஓட்ட முடியுமா? முடியாது. பழசுக்குத் தயாரிப்புக் கம்பெனி சான்று கெடைக்காது, அதனால வண்டி சோதிக்கற டூஃப்காரன்கிட்டக் கொண்டு போயி முழுச் சோதனை பண்ணி அவன் கையால விவரம் எழுதி வாங்கோணும். அப்பறந்தான் பழைய வண்டிக்குன்னு இருக்கற ‘எச்’ நம்பரு. 30 வருசம் ஆச்சா, அசலா இருக்குதான்னு பாத்துத் தனியா ஒரு அறிக்கை குடுப்பான். நீ அதுக்குள்ள அலாய் வீலு, எல்.இ.டி. லைட்டுன்னு எதாச்சும் சோடிச்சு வெச்சீன்னா திருப்பி அனுப்பிருவான். நீ அழிச்ச காசை எவன் தருவான்? கெடைச்சா லாபமுண்டு. ‘எச்’ இல்லாட்டி பழைய பெட்ரோல் வண்டிக்கு வருச வரி 100 சிசிக்கு 25 யூரோவுக்கு மேல போடுவான், 1221-க்கு 13 பங்குன்னு கணக்குப் போட்டா 330 கிட்ட வரும். ‘எச்’னா 191 யூரோவோட போச்சு. பொகைக் கட்டுப்பாட்டுப் பச்சை ஸ்டிக்கர் இல்லாம ஸ்டுட்கார்ட்டு ஊருக்குள்ளயும் உடுவான். நம்மூர்ல 2021-ல வந்த விண்டேஜ் ரூலுல 50 வருசம் ஆகோணும், 20,000 ரூபா கட்டோணும். அங்க 30-லயே கெழவனாயிரலாம்.

இன்சூரன்ஸ்காரன் ஒரு ஏழெழுத்து நம்பர் குடுப்பான், அதை எழுதிக்கிட்டுப் போ. அது இல்லாட்டி ஆபீஸ்ல உக்காரக்கூட வெக்க மாட்டாங்க. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்னு சீசன் நம்பராவே கேட்டு வாங்கு. பனிக்காலத்துல ரோட்டுக்கெல்லாம் உப்புக் கொட்டறாங்க, அந்த உப்புதான் இந்த வண்டிக்கு எமன். அப்பறம் பின்னால பிளேட்டு மாட்டற எடம் இத்தினியூண்டுதான் இருக்கும். 52 செண்டிமீட்டர் நீள பிளேட்டை வாங்கிட்டு வந்து முழிக்காதே. ரெண்டு வரி பிளேட்டுல அடங்கற சின்ன நம்பராக் கேளு, விருப்ப நம்பருக்குப் பத்து யூரோ சொச்சம். இங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஃபேன்ஸி நம்பருக்கு லட்சத்துல ஏலம் கேக்கற உங்க சித்தப்பனுக்கு இதைச் சொல்லிராதே, மயக்கம் போட்டுருவான்.

கதவுக் கைப்புடி, கண்ணாடி, ரப்பரு எதாச்சும் அங்க கெடைக்காட்டி எனக்கு லிஸ்ட் அனுப்பு. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில பத்மினி சாமான் இன்னும் எங்கியாச்சும் ஒரு மூலையில கெடக்கும். இஞ்சின் சாமான் கேக்காதே, நம்ம பத்மினி 1089 சிசி, உன்றது வேற. நானே போயி ஒண்ணுந்தெரியாத கெழவனாட்ட நின்னு வாங்கிட்டு வாரேன். நீ போன் பண்ணிப் பேசிராதே சாமி. ஜெர்மனிக்குன்னு தெரிஞ்சா அவன் வெலையை யூரோவுல சொல்லுவான்.