பெஞ்சு சுடுகிறது, மாமா!

சியோல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

'அங்கே சோறு தண்ணி இல்லாமல் இளைத்துவிட்டாயாமே' என்று கேட்டிருந்தீர்கள். எவன் கிளப்பிய புரளி அது? போன மாதம் வாங்கிய பேண்ட்டின் இடுப்புப் பித்தான் எட்டமாட்டேன் என்கிறது.

எல்லாம் குவாங்ஜாங் சந்தையின் உபயம். 1905இல் தொடங்கிய சந்தை. மாடியில் பட்டு, ஜவுளி. கீழே கூரை போட்ட நடைபாதை நெடுகத் தீனிக்கடை. கடையில் நிற்பது பெரும்பாலும் வயதான அம்மாக்கள். 'உட்கார்' என்று ஒரு பார்வை பார்த்தால் தாண்டிப்போக எனக்குத் துணிச்சல் கிடையாது. உட்கார்ந்தால் பெஞ்சு கதகதவென்று இருக்கிறது. கரண்ட் வைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். ஜனவரிக் குளிரில் காது மரத்துப்போய் வந்தவன் அதிலிருந்து எழுந்திருப்பானா? இதுவல்லவா வியாபாரம்!

முதலில் பிண்டேத்தொக். ஊறவைத்த பாசிப்பருப்பு, மோட்டார் வைத்த கல் எந்திரத்தில் நம் கண்ணெதிரே அரைபட்டு வழிகிறது. அந்த மாவில் முளைப்பயறும் கிம்ச்சியும் கலந்து, எண்ணெய் தளும்பும் கல்லில் கனமாக ஊற்றுகிறார்கள். நம் அடைக்கு அண்ணன் என்று வையுங்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. தொட்டுக்கொள்ள சோயா சாஸில் ஊறிய வெங்காயம். அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

அடுத்து தொக்போக்கி, செக்கச்செவேலென்ற குழம்பில் கொதிக்கும் அரிசிமாவு உருளைகள். பக்கத்திலிருந்த பையன் பதறிப்போய்த் தண்ணீரை என் பக்கம் தள்ளினான். கோவில்பட்டிக்காரனிடம்! வாயில் போட்டால், மாமா, இனிக்கிறது! அவர்களுடைய மிளகாய் விழுதே அரிசியும் சோயாவும் மால்ட்டும் சேர்த்துப் புளிக்கவைத்தது. போதாததற்குச் சர்க்கரை வேறு. பையன் மனம் நோகக்கூடாதென்று 'ஸ்ஸ்' என்று நாக்கை நீட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவைத்தேன். அவனுக்குப் பரம திருப்தி.

மாட்டிறைச்சியைப் பச்சையாகச் சீவி, பேரிக்காயும் முட்டைக்கருவும் சேர்த்துத் தரும் கடைகளுக்குத் தனிச் சந்தே உண்டு. அங்கே வேடிக்கை பார்த்ததோடு சரி.

ஆனால் ஆக்டோபஸிடம் மாட்டிக்கொண்டேன். தொட்டியில் நீந்தியதை எடுத்து, டக் டக்கென்று நறுக்கி, நல்லெண்ணெய் ஊற்றி, எள் தூவித் தட்டை நீட்டிவிட்டார் ஒரு கடை அம்மா. துண்டு ஒவ்வொன்றும் நெளிகிறது! அதன் நரம்பில் பெரும்பங்கு கைகளில்தானாம். தலை போனாலும் கைக்குச் சேதி எட்டுவதில்லை. குச்சியால் இழுத்தால் உறிஞ்சிகள் தட்டைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன. 'நன்றாக மென்று தின்னு' என்று அந்த அம்மா தன் தாடையை அசைத்துக் காட்டினார். தொண்டையில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. மென்றேன், மென்றேன், தாடை வலிக்கும்வரை. ருசி? நல்லெண்ணெய் ருசிதான்.

இதை மட்டும் அத்தையிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். தெரிந்தால் எனக்கு இட்லிப்பொடி வராது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரைக்கிலோ கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பிண்டேத்தொக் கடை அம்மா அந்தப் பக்கம் திரும்பும்போது பொடியைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்