நம்பர் மாறிய சீனியர்

திருவொற்றியூர் கோர்ட்டில் காலை பத்தரைக்கு மேல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கண்ணில் பட்டுவிடுவார். கருப்பு என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட கோட்டு, அக்குளில் நாலு கட்டு, காதில் ஒரு பால்பாயிண்ட் பேனா. பெயர் யாருக்கும் தேவைப்படுவதில்லை. பெஞ்ச் கிளார்க் முதல் டீக்கடைப் பையன் வரை எல்லோருக்கும் அவர் 'சீனியர்'. காசிமேட்டில் கத்திக்குத்து, ராயபுரத்தில் செயின் பறிப்பு, மணலி ரோட்டில் கன்டெய்னர் மோதல், எண்ணூர்ப் பக்கம் இரும்புத் திருட்டு என்று எது நடந்தாலும், போலீசுக்கு அடுத்தபடியாகத் தகவல் போய்ச் சேருவது அவருடைய குமாஸ்தாவுக்குத்தான்.

சீனியர் மனிதர்களை முகத்தால் நினைவு வைப்பதில்லை, செக்‌ஷனால் வைப்பார். "அந்த டோல்கேட் 379 வந்தானா?" "தண்டையார்பேட்டை 307க்கு வாய்தா என்னிக்கு?" வீட்டிலும் இதே கதைதான். பேரன் கெட்ட வார்த்தை பேசினால், "294(பி) போட்டு உள்ள வெச்சுருவேன்" என்பார். ஏமாற்றிய சீட்டுக்காரனை ஊரே 420 என்று திட்டும். இவர் மட்டும் "420 ரீட் வித் 34" என்று அவன் தம்பியையும் சேர்த்துத் திட்டுவார். மெக்காலே தலைமையில் 1837-ல் வரைவு எழுதி, 1860-ல் சட்டமான ஐ.பி.சி. அவருக்குப் புத்தகமாக இருந்ததே இல்லை, நாக்கிலேயே இருந்தது.

2024 ஜூலை 1 அன்று அந்த நாக்கில் இடி விழுந்தது. ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் மூன்றும் ஒரே நாளில் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் மூன்றும் வந்தன. இரண்டாவது பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சீனியருக்குப் பல்செட் நழுவிவிட்டது. பெயர்கூடப் பரவாயில்லை, பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிவிடலாம். நம்பரை என்ன செய்ய? கொலை வீடு மாறி 103-க்குப் போய்விட்டது. காலியான 302-ல், மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு குடியேறியிருக்கிறது. மொத்தச் செக்‌ஷன் 511-லிருந்து 358-ஆகக் குறைந்ததில் 420-க்கு வீடே இல்லை. மோசடி இப்போது 318(4). "318(4) பயலே" என்று ஒருத்தனைத் திட்டினால் அவனுக்கு ரோஷம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஜூலையில் தமிழ்நாட்டு வக்கீல்கள் புதுச் சட்டங்களை எதிர்த்துப் புறக்கணிப்பு, ஆர்ப்பாட்டம் என்று இறங்கினார்கள். சீனியரும் இறங்கினார். காலையில் கோர்ட் வாசலில் "திரும்பப் பெறு, திரும்பப் பெறு" என்று கோஷம். சாயங்காலம் அதே சட்டங்களைப் பற்றிய பயிற்சி வகுப்பு. இரண்டுக்கும் ஒரே கோட்டு.

வகுப்புக்குப் போகச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் வக்கீல் தொழில் செய்பவர் இரண்டு வருஷத்துக்கு 24 மணி நேரம் சட்டம் படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். நம் ஊர் டாக்டர்கள்கூடக் கருத்தரங்குக்குப் போய்க் கிரெடிட் சேர்க்கிறார்கள். நம்முடைய 1961-ம் வருஷத்து வழக்கறிஞர் சட்டமோ, ஒருமுறை கவுனை மாட்டியவரைப் பார்த்து 'அப்புறம் என்ன படித்தீர்?' என்று கேட்பதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்குத்தான் அகில இந்திய பார் தேர்வு. சீனியர் என்ரோல் ஆனபோது அதுவும் கிடையாது. அவர் கடைசியாக எழுதிய பரீட்சை, பாரிமுனையில் சட்டக் கல்லூரி இருந்த காலத்தில் எழுதியது.

ஆனாலும் போனார். வகுப்பு என்றால் ஒரு ரெக்சின் பை, ஒரு நோட்டு, ஒரு பேனா, பிரியாணிக் கூப்பன், முடிவில் சான்றிதழ். முன் வரிசையில் உட்கார்ந்து, திரையில் முதல் அட்டவணை வந்ததும் தூங்கிவிட்டார். பேராசிரியர் மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தார். பி.என்.எஸ். 106(2), விபத்தில் ஆளைக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் டிரைவருக்குப் பத்து வருஷம் வரை சிறை. இங்கே சீனியர் கண்ணைத் திறந்தார்.

"ஐயா, அது இன்னும் அமலுக்கு வரலையே?"

அரங்கம் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் தாளைப் புரட்டினார். உண்மைதான். 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, ஜூலை 1 முதல் சட்டம் அமல் என்று சொல்லிவிட்டு அந்த ஓர் உட்பிரிவை மட்டும் ஒதுக்கி வைத்தது. சீனியர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் டிரைவர்கள் சொன்னது. பத்து வருஷம் யாருக்கு என்று காத்திருக்கிறதோ, அவன் கெசட்டை ஒழுங்காகப் படிப்பான்.

வகுப்பில் இப்படி ஜெயித்தவர், சொந்த ஆபீஸில் ஒரு வாரம் கழித்துத் தோற்றார். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், எம்புள்ள மேல நூத்தி ஒம்போது போட்டுட்டானுங்க சார்."

சீனியர் நாற்காலியில் சாய்ந்தார். "அட, இதுக்கா அழுவுற? சந்தேகக் கேஸும்மா. ராத்திரி எங்கியாவது சும்மா நின்னுக்கினு இருந்திருப்பான். ஒழுங்கா இருக்கேன்னு பத்திரம் எழுதிக் குடுத்தா வுட்டுருவாங்க. நீ வீட்டுக்குப் போய்க் கொழம்பு வை."

அம்மா முந்தானையை எடுத்தார். அழுகை நின்றுவிட்டது.

"இன்னா சார் பேசுற நீ? அது பழைய நூத்தி ஒம்போது. இது முன்னூத்தி ஏழு சார்! கழுத்தாண்ட வெட்டு. அதான் நம்பரை மாத்திட்டாங்களே, உனக்கு யாரும் சொல்லலியா?"

குமாஸ்தா மின்விசிறியை ஆராய்ந்தார். ஜூனியர் பெண் பேர் ஆக்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சி.ஆர்.பி.சி.யில் 109 என்றால் சந்தேகத்துக்கு இடமாகத் திரிந்தவனிடம் நன்னடத்தைப் பத்திரம் வாங்குவது. பி.என்.எஸ்.ஸில் 109 என்றால் கொலை முயற்சி. அந்த அம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது? மூத்தவன் புழல் சிறையில் இருக்கிறான். வாராவாரம் மனு போட்டு அவனைப் பார்க்கப் போய் நிற்கிற வரிசையில், யார் மேல் என்ன போட்டிருக்கிறார்கள், பழசில் அது எத்தனை, எத்தனை நாளில் பெயில் வரும் என்பதுதான் பேச்சு. அங்கே சான்றிதழ் கிடையாது, பிரியாணியும் கிடையாது. ஆனால் யாரும் தூங்குவதில்லை.

அன்று ராத்திரி சீனியர் வீட்டில் விளக்கு எரிந்தது. மறுநாளிலிருந்து பழைய நம்பர், புது நம்பர் அட்டவணை ஒன்று நாலாக மடிந்து சட்டைப் பையில் ஏறியது. ஏறினாலும் லேசில் பிடிபடவில்லை. ஜூனியர் டைப் செய்த மனுவில் 482 என்று பார்த்துவிட்டு, "முன்ஜாமீன் கேக்கச் சொன்னா குவாஷுக்கு ஏம்மா போற?" என்று கத்தினார். பழைய 482 வழக்கை ரத்து செய்யக் கேட்பது, இப்போது 528. புது 482தான் முன்ஜாமீன், பழைய 438. இன்னொரு நாள், "173 போட்டாச்சு சார்" என்று ஸ்டேஷனிலிருந்து சொன்னதும், குற்றப்பத்திரிகையே வந்துவிட்டது என்று பதறினார். போட்டது வெறும் எஃப்.ஐ.ஆர். பழைய 173 இறுதி அறிக்கை, புது 173 முதல் தகவல்.

இதில் பழசை ஒரேயடியாக மறக்கவும் முடியாது. ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி.தான். குற்றம் ஜூனில், எஃப்.ஐ.ஆர். ஜூலையில் என்றால் குற்றத்துக்குப் பழைய நம்பர், நடைமுறைக்குப் புது நம்பர். ஜூன் 30 ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டேகாலுக்கு முடிந்த அடிதடி ஒன்று கிடைக்காதா என்று சீனியர் ஏங்குகிறார். கிடைத்தால், எந்தக் குத்து எந்தச் சட்டத்தில் விழுந்தது என்று ஐ.ஓ.வை மூன்று நாள் கிராஸ் செய்யலாமாம்.

நம்பர் தடுமாறும் இந்த மனிதரைக் கேஸில் தடுமாறுபவர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அம்மாவின் பிள்ளை கேஸில் அவர் முதலில் கேட்டது எஃப்.ஐ.ஆரை இல்லை, ஸ்டான்லி ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பியை. வெட்டுப்பட்டவன் டாக்டரிடம் முதலில் சொன்னது 'தெரிந்த மூன்று பேர்'. எஃப்.ஐ.ஆருக்கு வரும்போது ஏழு பேர் ஆகிவிட்டார்கள். பையன் ஏ6, ஆறாவது ஆள். "மூணு எப்படி ஏழாச்சு?" என்ற கேள்விக்கு மெக்காலே காலத்திலும் செக்‌ஷன் கிடையாது, இப்போதும் கிடையாது. செஷன்ஸில் பெயில் கிடைத்தது. குற்றப்பத்திரிகை வராவிட்டால் அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள் பெயில் என்கிற கணக்கும் 167(2)-லிருந்து 187(3)-க்கு இடம் மாறியிருக்கிறதே தவிர, அவருடைய காலண்டரில் சிவப்பு வட்டம் அதே இடத்தில்தான் விழுகிறது.

புதுச் சட்டத்தில் அவருக்குப் பிடித்ததும் ஒன்று உண்டு. பி.என்.எஸ்.எஸ். 105: சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்து, தாமதிக்காமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இத்தனை காலமும் கத்தி எங்கே கைப்பற்றப்பட்டாலும் அந்தப் பக்கமாகத் தற்செயலாக நடந்துபோய்க்கொண்டிருந்து, மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளைச் சீனியருக்குக் குடும்பத்தோடு தெரியும். இப்போது எழுந்து, "வீடியோ எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்த ஒரு நம்பரை மட்டும் அவர் அட்டவணையைப் பார்க்காமல் சொல்வார். அதே மாதிரி, 1982-ம் வருஷத்து 14-ம் எண் தமிழ்நாட்டுச் சட்டம், அதாவது குண்டாஸ், அப்படியே இருக்கிறது என்று தெரிந்த அன்று டீ அவர் செலவு.

பெயிலில் பிள்ளை வெளியே வந்த மறுநாள், பாக்கிப் பீஸைக் கொடுக்க அந்த அம்மா வந்தார். மீன் வாசனையோடு நோட்டுகளை எண்ணி மேஜையில் வைத்தார். குமாஸ்தா திரும்ப எண்ணினார். ஆயிரம் குறைந்தது.

"கழிச்சுக்கினேன்" என்றார் அம்மா. "நூத்தி ஒம்போது யாரு சொல்லிக் குடுத்தா?"

சீனியர் மறுபேச்சுப் பேசவில்லை, ரசீது போடச் சொன்னார். சமீபத்தில் வக்கீல்கள் சங்கம் ஒன்றில் அவரையே சிறப்புப் பேச்சாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, 'புதிய குற்றவியல் சட்டங்கள்: ஒரு நடைமுறைப் பார்வை'. மாலை போட்டார்கள், ரெக்சின் பையும் கொடுத்தார்கள். ஜூனியர்கள் நோட்டைத் திறந்து காத்திருக்க, அவர் மைக்கைப் பிடித்து இவ்வளவுதான் சொன்னார்:

"கட்சிக்காரங்க நம்பர் சொன்னா, எந்த ஆக்ட்டுன்னு கேளுங்க. கேக்காம ஆறுதல் சொன்னீங்கன்னா, ஆயிரம் ரூவா நஷ்டம்."