பெயர் சோயா, வேலை சர்க்கரை

சர்க்கரை நோய்க்கு நம் வியாபாரிகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிஸ்கட்! பொட்டலத்தில் ஒரு பச்சை இலை. கொட்டை எழுத்தில் ‘சோயா’. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் சிரிக்கிறார். அவர் டாக்டர் இல்லை. உள்ளே இருப்பதும் சோயா இல்லை.

பின்பக்கத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. அதற்கடுத்து பாமாயில். சோயா மாவு கடைசியில், உப்புக்குப் பக்கத்தில், கூச்சத்தோடு நிற்கும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். அதை மீற மாட்டார்கள். உத்தமர்கள்! எதைக் கொட்டை எழுத்தில் போடுவது, எதைப் பொடி எழுத்தில் ஒளிப்பது என்பது மட்டும் அவர்கள் இஷ்டம்.

இத்தனைக்கும் அந்தப் பயறு ஒரு பாவமும் அறியாதது. நூறு கிராம் காய்ந்த சோயாவில் சுமார் 36 கிராம் புரதம். நார்ச்சத்தும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். ஷாங்காயில் 64,000 பெண்களின் சாப்பாட்டைக் கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. சோயாப் பயறை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு இருந்த நீரிழிவு ஆபத்து, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். அதற்காக சோயாவுக்குக் கோயில் கட்ட வேண்டாம். பயறு அவித்துச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம். அதே ஆய்வில் மற்ற சோயாப் பண்டங்களுக்கு இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை.

விளம்பரக்காரர் ‘பாதி’ என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திக்கொள்வார். அடுத்த ஆய்வு அவருக்கு ஆகாது. அது சிங்கப்பூர்ச் சீனர்களிடம் நடந்தது, 2012இல் வெளிவந்தது. இனிப்புச் சேர்க்காத சோயா சாப்பிட்டவர்களிடம் நீரிழிவு ஆபத்து குறைவு. இனிப்புச் சோயாப் பானம் குடித்தவர்களிடம் அதிகம். ஒரே ஊர். ஒரே பயறு. நடுவில் சர்க்கரை. இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நம் சூப்பர் மார்க்கெட் அலமாரியைப் பாருங்கள்: வெனிலா சோயாப் பால், சாக்லேட் சோயாப் பால், மாம்பழச் சோயாப் பால். சர்க்கரை போடாத டப்பா இருக்கிறதா என்று கேட்டால், “அது மூவ் ஆகாது சார்” என்கிறார் கடைப் பையன்.

அரசாங்கம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை. உழைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனது. அதே நாளில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டருக்கும் அதன் ஸ்ட்ரிப்புக்கும் 12இலிருந்து 5. பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, இரண்டுக்கும் ஒரே ரேட்டில் ரசீது! சோயாப் பால் பானத்துக்கும் 12இலிருந்து 5 ஆனது. இனிப்புப் போட்டதா, போடாததா என்று வரி அட்டவணை பேதம் பார்ப்பதில்லை. சமத்துவம் நாட்டில் எங்குமே இல்லை என்று யார் சொன்னது?

நகரத்துச் சர்க்கரை ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். வெறும் வயிற்றில் ஒரு ஊசி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. நடுவில் கூட்டம் கேன்டீனுக்குப் போகிறது. பொங்கல், பூரி, ஸ்ட்ராங்காக ஒரு காபி. காபியில் சர்க்கரை வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விழும். எதிரே மருந்துக் கடை. அதன் கண்ணாடி அலமாரியில் ‘டயாபெட்டிக்’ பவுடர், சோயா பிஸ்கட். வியாதி, பரிசோதனை, மருந்து, மறுபடி வியாதி. எல்லாம் ஒரே கூரையின் கீழ். பார்க்கிங்குக்கு மட்டும் தனிக் கட்டணம்.

பொட்டலத்தின் முகப்பிலேயே எச்சரிக்கை போட்டால் என்ன? சிலி நாடு 2016இல் போட்டது. சர்க்கரை அதிகமா, கறுப்பு எண்கோணம். உப்பு அதிகமா, இன்னொரு எண்கோணம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கும் புரியும். நம்முடைய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஒரு வரைவு வெளியிட்டது. எச்சரிக்கை இல்லை. நட்சத்திரம்! அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. ஹோட்டலுக்குக் கொடுப்பதைப் போலப் பொரித்த தீனிக்கும் கொடுப்பார்களாம். அந்த வரைவின் சூத்திரம் இன்னும் அழகு. சர்க்கரைக்கும் உப்புக்கும் கொழுப்புக்கும் கெட்ட மதிப்பெண். புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் பயறுக்கும் நல்ல மதிப்பெண். இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். அதாவது சர்க்கரையைக் குறைக்கத் தேவையில்லை. மேலே கொஞ்சம் சோயா மாவைத் தூவினால் நட்சத்திரம் ஏறும். செய்த பாவத்தை உண்டியலில் போட்டுத் தீர்ப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். அரசிதழ் வழியாகத் தீர்க்கத் திட்டமிட்டது இங்கேதான்.

முகப்பு லேபிள் விஷயத்தை முடிவு செய்ய 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது. அந்தக் கெடு வந்தது, போனது. மேலும் அவகாசம் கேட்டார்கள். வரைவுக்கு வந்த கருத்துகள் பதினாலாயிரமாம். எல்லாவற்றையும் பரிசீலிக்க வேண்டுமாம். நியாயம்தான். கணையம் காத்திருக்கும்.

காத்திருக்கும் கணையங்கள் எத்தனை? சென்னை விஞ்ஞானிகள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்–இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு: நீரிழிவு வந்தவர்கள் 10.1 கோடி. வரிசையில் அடுத்து நிற்பவர்கள் 13.6 கோடி. அதே ஆய்வு 2025இல் நம் தட்டையும் எட்டிப் பார்த்தது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அரிசியை விட்டுச் சப்பாத்திக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தையே கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால் வழியாகப் புரதத்தை வைத்தால்தான் பலன் தெரிகிறது. இரவில் நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருப்பதாகச் சொல்லும் கனவான்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

அந்தப் புரதத்தை நாடு என்ன செய்கிறது? மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா விளைகிறது. 2024இல் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்று குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்தார்கள். அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே விற்றுவிட்டு விவசாயி தெருவுக்கு வந்து போராடினார். பயறைப் பிழிந்த எண்ணெய் பஜ்ஜிச் சட்டிக்கு வருகிறது. புரதம் நிறைந்த பிண்ணாக்கு கோழிப் பண்ணைக்கும் கப்பலுக்கும் போகிறது. கோழிகளுக்குச் சர்க்கரை நோய் வந்ததாகத் தகவல் இல்லை.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப் வைத்தியர்கள். ஒரு கட்சி சோயா தின்றால் சர்க்கரை ஓடிவிடும் என்கிறது. மாத்திரையை நிறுத்து என்றும் சொல்கிறது. அதை நம்பி நிறுத்தியவர் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார். செய்தி அனுப்பியவர் அடுத்த குரூப்புக்குப் போகிறார். இன்னொரு கட்சி, சோயா தின்றால் ஆண்மை போய்விடும் என்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆண் ஹார்மோனுக்கு அதனால் சேதம் தெரியவில்லை. மீல் மேக்கர் குருமாவைக் கண்டு நடுங்கும் அந்த வீரர், தினமும் ஒரு குவார்ட்டரைக் கண்டு நடுங்குவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. சோறு ஒரு கரண்டி குறையட்டும். அந்த இடத்தில் சுண்டல் வரட்டும். அவித்த சோயாவாக இருந்தாலும் சரி, பச்சைப் பயறு, காராமணி, கொள்ளாக இருந்தாலும் சரி. டாக்டர் எழுதிய மாத்திரையை டாக்டர் மட்டும் நிறுத்தட்டும். இவ்வளவையும் நாம் செய்துகொள்ளலாம். பொட்டலத்தின் முகப்பை மட்டும் நம்மால் மாற்ற முடியாது. அதற்குத்தான் ஆணையம், அமைச்சகம், கார், கொடி எல்லாம்.

முகப்பில் ஓர் எச்சரிக்கை அச்சிட மிஞ்சிப்போனால் கொஞ்சம் கறுப்பு மை செலவாகும். அது இல்லாததற்கான பில்லை நோயாளிகள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு கட்டுகிறார்கள். கணக்குத் தெரியாத அரசாங்கம் இல்லை இது. பில்லை யார் கட்டுகிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்த அரசாங்கம்.